துணை சுகாதார நிலையம் இல்லாத ஊராட்சி: கிராம சபையில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

வெள்ளாற்றுக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கத்து ஊராட்சி ஒன்றைச் சேர்ந்தவன். ஐந்து குக்கிராமங்களும் ஏறக்குறைய 3,400 மக்களும் உள்ள எங்கள் ஊராட்சிக்குத் தனியாகத் துணை சுகாதார நிலையம் கிடையாது. எங்களுக்குரிய நிலையம் அடுத்த ஊராட்சியில், காட்டாற்றுக்கு அப்பால் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தரைப்பாலம் மூழ்கிவிடும். பிறகு ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் கிராம சுகாதார செவிலியர் பொறுப்பானவர். ஆனால் தடுப்பூசி, கர்ப்பிணிகள் பதிவு, அவற்றையெல்லாம் இணையத்தில் ஏற்றுவது என்று அவருக்கு இருக்கும் வேலைச் சுமையில், கடைசிக் குக்கிராமம் வரை அவர் வந்துபோவது அரிதாகிவிட்டது.

வருகிற கிராம சபையில் அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஒப்புதலுக்கு வைக்கப்படும் என்கிறார்கள். வழக்கமாக அதில் சிமெண்ட் சாலை, தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், நெல் உலர்த்தும் களம் ஆகியவை இடம்பெறும். சுகாதாரம் என்ற தலைப்பின் கீழ் கொசு மருந்து அடிப்பது பற்றி ஒரே ஒரு வரி இருக்கும். இந்த முறை அதை மாற்ற வேண்டும் என்று இளைஞர்களும் மகளிர் குழுவினரும் சேர்ந்து பேசியிருக்கிறோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் பத்து சென்ட் நிலம் தருவதாகச் சொல்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பணம் திரட்டிக் கட்டடமே கட்டித் தரத் தயாராக இருக்கிறார்கள்.

துணை சுகாதார நிலையம் வேண்டும் என்று தீர்மானம் போட்டால் கிடைக்குமா? நாங்களே கட்டடத்தைக் கட்டி அரசிடம் ஒப்படைக்கலாமா? இது தவிர, சுகாதாரம் என்று ஊராட்சித் திட்டத்தில் வேறு எவற்றையெல்லாம் சேர்க்க முடியும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

காவிரிப்பாசனம் (ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்) எழுதியது:

தம்பி, கட்டடப் பேச்சைச் சிறிது காலம் ஒத்திவையுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் பொதுவான அளவுகோல். நீங்கள் 3,400 பேர். எனவே புதிய நிலையம் வேண்டும் என்று மட்டும் எழுதினால், மக்கள்தொகை போதவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும், கோப்பும் அத்தோடு முடிந்துவிடும். பணியிடம் ஒப்பளிப்பாகாத நிலையில் நீங்களே கட்டிக் கொடுத்தாலும், திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்க ஆள் இருக்காது. நன்கொடையில் கட்டி, பெயர்ப் பலகையும் பூட்டுமாக நிற்கும் கட்டடங்களைப் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். செவிலியர் எந்தக் கிழமை, எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் இருப்பார் என்பதுதான் கிராமத்துச் சுகாதாரத் திட்டத்தின் உயிர்நாடி. செங்கல் அதற்கு அடுத்ததுதான்.

ஆகவே ஊரில் யாருக்கு என்ன தேவை என்ற கணக்கிலிருந்து தொடங்குங்கள். மகளிர் குழுவினர் வீடு வீடாகப் போனால் சில நாட்களில் முடிந்துவிடும் வேலை இது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் மாத்திரையை அரசிடம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர், மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர், பாதியில் நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர் என்று குக்கிராமவாரியாகப் பிரித்து எழுதுங்கள். பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரின் எண்ணிக்கையும் வேண்டும். கிராம சபையில் எண்ணிக்கையை மட்டும் படியுங்கள், பெயர்களைப் படிக்காதீர்கள். காசநோய்க்கோ மனநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவரின் பெயர் மைக்கில் ஒலித்தால், அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், ஏற்கெனவே உள்ள திட்டம் உங்கள் ஊரில் எங்கே தடைப்படுகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தர வேண்டும். இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் (தீராத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பராமரிப்பு) செவிலியரும் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க வர வேண்டும். உங்கள் கடைசிக் குக்கிராமத்துக்கு அவர்கள் வருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். வராமல் இருந்தால், புதிய நிலையம் கேட்பதைவிட இதைக் கேட்பது எளிது, விரைவில் நடக்கக்கூடியதும் இதுதான். அதுபோலவே, நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வொரு மாதமும் எந்தெந்த ஊருக்குப் போகிறது என்பதற்கு முன்கூட்டியே பயணத் திட்டம் போடப்படுகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் விசாரியுங்கள்.

இன்னொன்று, ஊராட்சியே நேரடியாகச் செய்யக்கூடியது. சுகாதாரம் என்றால் ஊசியும் மாத்திரையும் என்று நினைக்கிறோம். ஆனால் என் பணிக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவிய ஊர்களில் பெரும்பாலும் மேல்நிலைத் தொட்டியிலோ, வாய்க்காலுக்குள் ஓடும் உடைந்த குழாயிலோதான் காரணம் இருந்தது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து ஊற்ற வேண்டும் என்பது தொட்டி இயக்குபவருக்குத் தெரியும். அது நாள்தோறும் நடக்கிறதா என்பதற்குத்தான் கண்காணிப்பு வேண்டும். தெருக்கோடியின் கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டியைக் கொண்டு அங்கன்வாடிப் பணியாளர்கூட இதைப் பார்த்துவிடலாம். தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியிலேயே பெயிண்டால் எழுத வேண்டும் என்பது பழைய விதி. கழுவாமலேயே தேதியை மட்டும் மாற்றி எழுதும் ஊர்களும் உண்டு என்பதால், கழுவும்போது குழு உறுப்பினர் ஒருவர் அங்கே நிற்பது நல்லது.

முன்னாள்தலைவி எழுதியது:

சுகாதார ஆய்வாளர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் ஐந்தாண்டுகள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவள் என்பதால், தீர்மானம் எழுதும் முறையையும் பணம் வரும் வழியையும் பற்றிச் சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தோடு சேர்க்கப்பட்ட பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 பொருள்கள் உள்ளன. அவற்றில் 23-ஆவது, மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள் உள்ளிட்ட சுகாதாரமும் துப்புரவும். ஆகவே, சுகாதாரம் ஊராட்சியின் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஊழியர்களும் மருந்தும் சம்பளமும் பொது சுகாதாரத் துறையிடம் உள்ளன. ஊராட்சி அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. கோரிக்கை வைக்கலாம், இடம் தரலாம், தண்ணீரும் மின்சாரமும் தரலாம், கேள்வி கேட்கலாம். இந்த எல்லையைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்மானம்தான் வேலை செய்யும்.

நான் கண்ட பெரிய குறை, எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் திணிப்பது. 'எங்கள் ஊருக்குச் சுகாதார வசதிகள் அனைத்தும் செய்து தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதினால், அது யாருக்கும் உரியதாகாமல் ஒன்றிய அலுவலகத்திலேயே தங்கிவிடும். ஒவ்வொரு கோரிக்கையையும் தனித் தீர்மானமாக்கி, அதை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளதோ அவருடைய பதவியைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, செவிலியரும் இடைநிலைச் சுகாதாரப் பணியாளரும் வாரத்தில் ஒரு நாள் உங்கள் ஊராட்சியிலேயே அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் போக வேண்டியது. தரைப்பாலத்தை உயர்த்துவது, அந்தச் சாலை யாருடைய பொறுப்பில் உள்ளதோ அந்தத் துறைக்கு, அதாவது ஊராட்சி ஒன்றியத்துக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ போக வேண்டியது. பேருந்தைப் பற்றியும் யோசியுங்கள். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து உங்கள் ஊருக்கு வந்தும், அது ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேரும் நேரத்தில் வெளிநோயாளர் பிரிவு முடிந்திருந்தால் பயனில்லை. நேரத்தை மாற்றக் கேட்டுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு தீர்மானம் அனுப்புங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத சுகாதாரத் திட்டம் அது.

உட்காரும் இடத்துக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. பல ஊராட்சிகளில் கிராம ஊராட்சி சேவை மையக் கட்டடம் பெரும்பாலான நாட்களில் பூட்டியே கிடக்கிறது. உங்கள் ஊரில் அது இருந்தால், ஒரு மேசை, திரை, படுக்கை, கைகழுவும் குழாய், கழிப்பறை ஆகியவற்றைச் செய்து கொடுத்து அங்கேயே நடத்தச் சொல்லலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, 2021-26 ஆண்டுகளுக்கான பதினைந்தாவது மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. தொட்டி, குழாய் பழுது, கழிவுநீர் உறிஞ்சுகுழி ஆகியவற்றை அதில் தாராளமாகச் சேர்க்கலாம். மீதி 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது. எனவே, ஊராட்சியே ஒரு செவிலியரை அந்தப் பணத்தில் வேலைக்கு வைப்பது என்ற யோசனை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இவை தவிர, தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் கீழ் உருவான கிராம சுகாதாரக் குழுவுக்கென்று ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரையறைப்படி உண்டு. தொகை சிறியது. இருந்தாலும் அதற்கென்று ஒரு குழுவும் வங்கிக் கணக்கும் பதிவேடும் இருப்பதுதான் அதன் மதிப்பு. உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர்கள் யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், குழுவைத் திருத்தி அமைப்பதே உங்கள் முதல் தீர்மானமாக இருக்கட்டும்.

குறைவெண் வரம்பையும், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் வர வேண்டும். கையெழுத்து வாங்கும் நோட்டு பிறகு வீடு வீடாகச் சுற்றும் பழக்கம் இருந்தால் அதை அனுமதிக்காதீர்கள். கூட்டத்தை நூறு நாள் வேலைத் தளத்தின் நேரத்தோடு மோதாமல் வைக்கச் சொல்லுங்கள், பெண்கள் தாமாக வருவார்கள்.

சிங்காநல்லூரான் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு நுட்பமாகத் தீர்மானம் எழுதுவதால் என்ன மாறிவிடும் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் நடத்தும் கூட்டத்தில் நிறைவேறும் தீர்மானத்தை யார் பின்தொடர்வார்கள்? நகரத்தில் எங்கள் நிலையும் மேலானதல்ல. 2022 நவம்பர் 1 அன்று, கிராம சபை போல நகரங்களுக்கென்று அமைந்த பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடியபோது எங்கள் தெருவில் நகர்ப்புற நலவாழ்வு மையத்தைப் பற்றியும் பேசினோம். குப்பையைப் பற்றியும் நாய்களைப் பற்றியும் எழுந்த சத்தத்தில் அது காணாமல் போனது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் தரத் தயாராக இருக்கும்போது, வாரம் ஒரு தனியார் மருத்துவரை வரவழைத்து உடனே தொடங்கிவிடுவது நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

கொல்லங்கோடு எழுதியது:

நான் பாலக்காடு மாவட்டத்தில் வாழும் தமிழன். இங்கே நோய் ஆதரவுச் சிகிச்சைக் குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். சிங்காநல்லூர் நண்பரின் ஐயம் நியாயமானது, அவர் காட்டும் வழியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வாரம் ஒரு நாள் மருத்துவர் வந்து மாத்திரை எழுதிக் கொடுத்துப் போனால், மற்ற ஆறு நாட்கள் படுக்கையில் இருப்பவருக்குப் புண் வராமல் யார் பார்த்துக்கொள்வார்கள்? பணம் வருவது நின்ற மாதத்தில் மருத்துவரும் வரமாட்டார்.

கேரளத்தில் 1996-இல், உள்ளூர்த் திட்டங்களை மக்களே வகுக்கும் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தன. இதை அப்படியே தமிழ்நாட்டில் எதிர்பார்க்க முடியாது என்பதை முன்னாள் தலைவி அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இங்கே நடந்தவற்றில், அரசு அதிகாரம் எதுவும் தேவைப்படாத ஒன்றும் உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தின் அனுபவத்திலிருந்து, 2001 வாக்கில் மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு பகுதிகளில் அண்டை வீட்டார் வலையமைப்பு என்ற முறை வளர்ந்தது. தம் வாரத்தில் ஓரிரு மணி நேரத்தைத் தரக்கூடிய ஊர்க்காரர்கள் பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடுகளுக்குப் போனார்கள். கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், மாணவர்கள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். சிறு சிறு நன்கொடைகளே அதன் அடித்தளம். மருத்துவர் அதில் ஓர் உறுப்பினர், அவ்வளவே. 2008-இல் மாநில அரசு ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையை வெளியிட்டது. பிறகு உள்ளாட்சிகள் செவிலியரை அமர்த்தி வீட்டுச் சிகிச்சையை நடத்தத் தொடங்கின. மக்கள் முதலில் செய்துகாட்டியதை அரசு பின்னர் ஏற்றுக்கொண்டது.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தன்னார்வலர்கள் முதல் ஆண்டு ஆர்வத்தோடு வருவார்கள், அடுத்த ஆண்டு பாதிப் பேர்தான் இருப்பார்கள். கட்சி வேறுபாடு குழுவுக்குள் நுழைந்துவிட்டால் சரிசெய்வது கடினம். இருந்தாலும், சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் பணத்துக்கு உகந்த செலவு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீர்மெத்தை, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், சிறுநீர்ப் பை, புண்ணுக்குக் கட்டும் துணி ஆகியவற்றை ஓர் இடத்தில் வைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் பிரசவத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு வாகனச் செலவு தரலாம். கல்லில் பெயர் பொறிக்க முடியாத செலவுகள் என்பதால் நன்கொடையாளர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி வேண்டும் என்றால் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1993-இல் மருத்துவத் தம்பதியர் ரெஜியும் லலிதாவும் அங்கே குடிசையில் சிகிச்சையைத் தொடங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, அவர்கள் வழியாகத்தான் அந்த நிலையை மாற்றினார்கள். கட்டடம் அங்கும் பிறகுதான் வளர்ந்தது.

வெள்ளாற்றுக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கட்டடத்தை ஒத்திவைக்கலாம் என்பதை எங்கள் குழுவில் பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள். நிலம் தருவதாகச் சொன்ன பெரியவருக்குத்தான் மனவருத்தம். கிராம ஊராட்சி சேவை மையக் கட்டடம் எங்கள் ஊரிலும் இருக்கிறது, ஊராட்சியின் பழைய குழாய்கள் அதில் கிடக்கின்றன. வீட்டுக் கணக்கை மகளிர் குழுவினர் தொடங்கிவிட்டார்கள். இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. ஊரிலிருந்து வசூலிக்கும் பணத்தை அரசுத் திட்டத்தோடு இணைக்க வழி உண்டா? தனி அலுவலர் இருக்கும்போது தீர்மானத்தை எவ்வாறு பின்தொடர்வது?

முன்னாள்தலைவி எழுதியது:

முதல் ஐயத்துக்கு: 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். சேவை மையத்தைச் சீரமைத்துக் கழிப்பறையும் சாய்தளமும் கட்ட இதைக் கேட்டுப் பாருங்கள். மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர்தான் போட வேண்டும் என்பதால், அவரை முன்கூட்டியே அழைத்து இடத்தைக் காட்டிவிடுங்கள். நீர்மெத்தை போன்ற பொருள்களை இதில் சேர்க்காமல், கொல்லங்கோடு நண்பர் சொன்னபடி உங்கள் குழுவின் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பெரியவரின் நிலத்தைப் பற்றி: கோரிக்கை தீர்மானத்திலேயே, பணியிடம் ஒப்பளிக்கப்படும் நாளில் பத்து சென்ட் நிலம் தானமாகத் தரப்படும் என்று ஒரு வரி சேர்த்து அவருடைய ஒப்புதல் கடிதத்தை இணைத்துவிடுங்கள். அவர் மனமும் ஆறும், கோப்புக்கும் அது வலு.

இரண்டாவது ஐயத்துக்கு: தனி அலுவலர் இருந்தாலும் ஊராட்சிச் செயலரும் தீர்மானப் பதிவேடும் அங்கேயேதான் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்த அன்றே, பதிவேட்டில் எழுதப்பட்ட வாசகத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதும் அதில் எழுதப்பட்டதும் வேறு வேறாக இருப்பது புதிதல்ல. நகலை எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, உரிய அலுவலர்களுக்கு ஊர்மக்கள் பெயரிலும் பதிவஞ்சலில் அனுப்புங்கள். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தயாரிக்கும் வறுமைக் குறைப்புத் திட்டமும் அதே கிராம சபையில்தான் வைக்கப்படும் என்பதால், உங்கள் வீட்டுக் கணக்கை அதிலும் சேர்த்துவிடுங்கள். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் முந்தைய தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்பதையே முதல் பொருளாக வைக்கக் கேளுங்கள். செவிலியர் வாராந்திர அமர்வுக்கு வந்த நாட்களைச் சேவை மையச் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டிக் குறித்து வாருங்கள், அந்தக் கூட்டத்தில் காட்ட அது போதும்.